பரிசம் போட்ட பயிற்சியாளர்

பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வீட்டு வாசலிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பெண் எவ்வளவுதான் பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிட வேண்டும். மைக் டிட்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பெரியவர்கூட இல்லாமல் போனார்.

1999 மார்ச் மாதம், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிட்கா, நிருபர்கள் முன்னால் மனதைத் திறந்து கொட்டினார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ரன்னிங் பேக் ரிக்கி வில்லியம்ஸ் கிடைப்பாரென்றால், அந்த வருஷ டிராஃப்டில் தன் அணிக்குள்ள அத்தனை முறைகளையும் கொடுக்கத் தயார் என்றார். மற்ற முப்பது அணிகளின் மேலாளர்களும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். பரிசத் தொகையை மாப்பிள்ளையே மைக் வைத்து அறிவித்த பிறகு பெண் வீட்டுக்காரர்கள் குறைத்தா கேட்பார்கள்?

டிராஃப்ட் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரியை முடித்து வரும் பையன்களை அணிகள் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும். போன வருஷம் யார் மண்ணைக் கவ்வினார்களோ அவர்களுக்கு வரிசையில் முதலிடம். தோற்றவனுக்குச் சலுகை தரும் இந்தப் பொதுவுடைமை ஏற்பாட்டை முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஏழு சுற்று, சுற்றுக்கு ஒரு முறை. முறையை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருஷத்து முறையை இந்த வருஷமே அடகு வைக்கலாம். வாங்கியதும் விற்றதும் சரியா என்று ரசிகர்கள் வருஷம் முழுக்கச் சண்டை போடலாம். ஆட்டத்தைவிட இந்தச் சண்டைக்குத்தான் ஆயுள் அதிகம்.

அதிலும் ரன்னிங் பேக் என்று வந்துவிட்டால் சண்டை முற்றிவிடும். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் 130 கிலோ ஆசாமிகளுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டியவர் அவர். ஓட்டத்துக்கு நாலு கெஜம் தேறினால் நல்ல சம்பாத்தியம். அந்த நாலு கெஜத்துக்குள் நாலு பேர் மேலே விழுவார்கள். முப்பது வயதுக்குள் முழங்கால் ஓய்வூதியம் கேட்கும். ஆனாலும் அவர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அவருக்கு வழி விடுவதற்காக முன்னால் நின்று மல்லுக்கட்டும் ஐந்து குண்டர்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே புகழ் அவருக்கு, விலையும் அவருக்கு.

டிட்காவுக்கு மட்டும் ஏன் இந்தப் பித்து? என் கட்சி இது. 1986 ஜனவரியில் இதே நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கில், சிகாகோ பேர்ஸ் அணியின் பயிற்சியாளராக அவர், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றார். 46-க்கு 10 என்று நியூ இங்கிலாந்தைத் துவைத்துக் காயப்போட்ட ஆட்டம். அந்த அணியின் உயிர் வால்டர் பேட்டன் என்ற ரன்னிங் பேக். பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்காக உடம்பைத் தேய்த்தவர். ஆனால் அன்று எல்லைக் கோட்டுக்கு ஒரே கெஜம் இருந்தபோது, டிட்கா பந்தைத் தூக்கிக் கொடுத்தது வில்லியம் பெர்ரியிடம். தடுப்பு வரிசையில் ஆட வேண்டிய மலை. செல்லப் பெயர் 'ரெஃப்ரிஜரேட்டர்'. குளிர்பதனப் பெட்டி புள்ளி எடுத்தது. பந்தோடு கோட்டைக் கடக்கும் டச் டவுன் ஒன்றுகூட இல்லாமல் பேட்டன் வீட்டுக்குப் போனார். அதற்காகப் பிற்பாடு வருந்தியதாக டிட்காவே சொல்லியிருக்கிறார். பேட்டனின் சட்டை எண் 34. ரிக்கி வில்லியம்ஸின் சட்டை எண்ணும் 34. பாவம் ஒரு பக்கம், பரிகாரம் ஒரு பக்கம். பில் மட்டும் செயின்ட்ஸ் அணிக்கு வந்தது.

அந்த அணியின் சரித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். பெயர் 'புனிதர்கள்'. 1967 முதல் ஆடி, 1999 வரை சீசன் முடிவில் வரும் பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றைக்கூட வென்றதில்லை. புனிதர்கள் பிறர் மகிழ்ச்சிக்காக வாழ்கிறவர்கள்தானே! 1980-இல் 16 ஆட்டத்தில் 15-ஐத் தோற்றபோது, ரசிகர்கள் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆட்டத்தைப் பார்த்தாக வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கும் தெரியக் கூடாது. டிட்கா வந்த பிறகு 1997-இல் ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. 1998-இல் மறுபடியும் ஆறு, பத்து. சீரான நிர்வாகம்.

இனி பெண்ணின் பெருமை. ரிக்கி வில்லியம்ஸ் 1998-இல் டோனி டார்செட்டின் பழைய கல்லூரிச் சாதனையை முறியடித்து, மொத்தம் 6,279 கெஜம் ஓடி முடித்தவர். கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கௌரவமான ஹைஸ்மன் கோப்பை வீட்டில் இருந்தது. தோளைத் தாண்டித் தொங்கும் சடைமுடி. அவரோடு அதே டிராஃப்டுக்கு வந்த இன்னொருவர் எட்ஜரின் ஜேம்ஸ். மயாமி பல்கலைக்கழகம், வாயில் தங்கப் பல், அலமாரியில் ஹைஸ்மன் இல்லை. தேசமே ரிக்கி கட்சி. எட்ஜரினுக்கு ஆதரவாக அவருடைய சொந்தக்காரர்களைத் தவிர இன்னும் சிலர் இருந்திருக்கலாம்.

இந்த ஜுரம் நியூ ஆர்லியன்ஸோடு நிற்கவில்லை. இரண்டாவது முறையைக் கையில் வைத்திருந்த பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு ரிக்கியே வேண்டும் என்று அந்த ஊர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்திய ஆஞ்சலோ கட்டால்டி கொடி பிடித்தார். மேயர் எட் ரெண்டலும் அதே கட்சி. சாக்கடை, குப்பை, பள்ளிக்கூடம் எல்லாம் ஒழுங்காகிவிட்டதால் மேயருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான் போலிருக்கிறது. கட்டால்டி ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றி நியூயார்க்குக்கே கூட்டிப் போனார். 'அழுக்கு முப்பது' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

1999 ஏப்ரல் 17. இடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முதல் முறை கிளீவ்லாந்து: டிம் கௌச். இரண்டாவது முறை பிலடெல்பியா: டோனவன் மெக்நாப், பந்தை வீசும் குவார்ட்டர்பேக். பெயர் சொல்லி முடிப்பதற்குள் பேருந்தில் வந்தவர்கள் ஊளையிட ஆரம்பித்துவிட்டார்கள். வாழ்க்கையின் மிகப் பெரிய நாளுக்காகக் கோட்டு சூட்டு தைத்து வந்த பையன், மேடையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பிறகு அந்த ஊரை ஐந்து முறை மாநாட்டு இறுதி ஆட்டத்துக்கும், ஒரு முறை சூப்பர் பவுலுக்கும் கூட்டிப்போனார். ஊளையிட்டவர்களுக்கும் அந்த டிக்கெட் அதே விலைதான். ஊளைக்குத் தனிக் கட்டணம் வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது முறை சின்சினாட்டி. அவர்களிடம்தான் டிட்கா முதலில் தாம்பாளத்தை நீட்டினார். ஒரு முறைக்கு ஈடாக ஒன்பது முறைகள் வரை பேச்சு போனது என்று அப்போதே செய்தி வந்தது. உரிமையாளர் மைக் பிரவுன் வேண்டாம் என்று தள்ளிவிட்டு அகீலி ஸ்மித்தை எடுத்தார். ஸ்மித் நாலு வருஷத்தில் ஐந்து டச் டவுன் பாஸ் வீசினார். வருஷத்துக்கு ஒன்றேகால். வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிய வகையில் டிட்காவுக்கு நிகரான ஒருத்தர் இருந்தார் என்றால் அது பிரவுன்தான். ஆனால் அவர் பெயரை டிட்கா அளவுக்கு யாரும் கேலி செய்வதில்லை. சின்சினாட்டியிடம் யாரும் அதிகமாக எதிர்பார்க்காததே காரணம்.

நாலாவது முறை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். சில நாள் முன்புதான் அவர்கள் மார்ஷல் ஃபாக் என்ற அற்புதமான ரன்னிங் பேக்கை, இரண்டாம் சுற்று ஒன்று, ஐந்தாம் சுற்று ஒன்று என்று பழைய பாத்திரக்காரனுக்குப் போடுவதுபோல் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்திருந்தார்கள். சரி, ரிக்கி வரத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரே சட்டை வாங்கத் தயாராக இருந்தது. தலைவர் பில் போலியன் எழுதிக் கொடுத்த பெயர்: எட்ஜரின் ஜேம்ஸ். அன்றைக்கு இண்டியானாபொலிஸில் எந்த முடிதிருத்தகத்திலும் இப்படித்தான் பேசியிருப்பார்கள்:

"ஹைஸ்மன் வாங்கினவனை விட்டுட்டு இவனை எடுத்திருக்காரே, போலியனுக்குக் கண்ணு கிண்ணு போயிடுச்சா?"

"பிளாக் பண்றான், பாஸ் பிடிக்கிறான்னு சொல்றாங்கப்பா."

"பிளாக் பண்றவனை வேடிக்கை பார்க்கவா நான் சீசன் டிக்கெட் வாங்கியிருக்கேன்?"

ரிக்கி இன்னும் மிச்சம்! ஐந்தாவது முறை வாஷிங்டனிடம். அங்கே பொது மேலாளர் சார்லி காசர்லி. டிட்கா கொடுத்தது: அந்த வருஷத்து டிராஃப்டில் செயின்ட்ஸிடம் இருந்த ஆறு முறைகளும், அடுத்த வருஷத்து முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். ஆக எட்டு. இரண்டாம் சுற்று முறையைக் காசர்லி கேட்கவில்லையா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அதை ஏற்கெனவே வேறொரு வியாபாரத்தில் கொடுத்துவிட்டிருந்தார்கள். 250-க்கு மேற்பட்ட இளைஞர்கள் தேர்வான அந்த டிராஃப்டில் செயின்ட்ஸ் எடுத்தது ஒரே ஒருவரை. மற்ற அணிக்காரர்கள் மறுநாளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் அலுவலகத்தில் எல்லோரும் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்கலாம். நிர்வாகவியல் பாடப் புத்தகங்கள் இந்த நேரச் சிக்கனத்தைக் கண்டுகொள்ளாதது ஏனோ தெரியவில்லை.

டிட்கா சடைமுடி டோப்பா மாட்டிக்கொண்டு நிருபர்களுக்குக் காட்சி கொடுத்தார். அதோடு விட்டாரா? ஆகஸ்ட் மாதம் ஈஎஸ்பிஎன் பத்திரிகை அட்டையில் இருவரும் தம்பதி சமேதராய் நின்றார்கள். டிட்கா கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. ரிக்கி வெள்ளைக் கவுன் போட்ட மணப்பெண். ஒப்பனையில்லை, ஒட்டு வேலையில்லை, நிஜமாகவே உடுத்திக்கொண்டு நின்ற படம். பரிசம் என்று நான் சொன்னதை மிகை என்று நினைத்தவர்கள் அந்த அட்டையைத் தேடிப் பார்க்கலாம்.

கல்யாணம் என்றால் நிச்சயப் பத்திரம் எழுத வேண்டுமே! ரிக்கிக்காக ஒப்பந்தம் பேசியது ராப் பாடகர் மாஸ்டர் பி-யின் நிறுவனம். அவர்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்து மற்ற முகவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டதற்கு ஏறக்குறைய 88 லட்சம் டாலர். அதற்கப்புறம் அடிப்படைச் சம்பளம் லீக்கில் எல்லாருக்கும் உள்ள குறைந்தபட்சத் தொகை. மீதிக் கோடிகள் வேண்டுமானால் சாதனை மேல் சாதனை செய்ய வேண்டும். எட்டு முறை கொடுத்து வாங்கிய பெண்ணுக்குத் தினக்கூலி.

ஆட்டம் தொடங்கியது. ரிக்கிக்குக் காயத்துக்கு மேல் காயம். 12 ஆட்டம் ஆடினார், 884 கெஜம், இரண்டே டச் டவுன். கையெழுத்துப் பணத்தை மட்டும் வகுத்துப் பார்த்தால் கெஜத்துக்குப் பத்தாயிரம் டாலர். பட்டுப் புடவைகூட அந்த விலைக்குப் போனதில்லை. ஆனால் ரிக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. முறைகளையெல்லாம் கொடுத்துவிட்டால் அவரைச் சுற்றி ஆட ஆள் வேண்டாமா? பந்தை எடுத்துக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் பதவியில் அந்த வருஷம் மாறி மாறி ஆடியவர்கள் பில்லி ஜோ ஹோபர்ட், பில்லி ஜோ டாலிவர். அணியில் இரண்டு பில்லி ஜோக்கள். இருவரையும் கூட்டினாலும் ஒரு குவார்ட்டர்பேக் தேறவில்லை.

அக்டோபர் 31-ஆம் தேதி உச்சக்காட்சி. புதிதாக மறுபிறவி எடுத்து, ஏழு ஆட்டம் ஆடி ஏழையும் தோற்றிருந்த கிளீவ்லாந்து சூப்பர்டோமுக்கு வந்தது. கடைசி நொடியில் டிம் கௌச் கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கி வீசிய பந்து, தட்டுப்பட்டு, கெவின் ஜான்சன் கையில் விழுந்தது. 21-க்கு 16. டிட்கா அரங்கத் தரையிலேயே சரிந்துவிட்டார். புனிதர்கள் மீண்டும் ஓர் ஏழைக்கு வாழ்வு கொடுத்திருந்தார்கள்.

மூன்று வெற்றி, 13 தோல்வியோடு வருஷம் முடிந்தது. தேன்நிலவு முடியும் முன்பே மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அடுத்த வருஷத்து முதல் சுற்று முறை வரிசையில் இரண்டாவதாக வந்து நின்றது. அதுதான் வாஷிங்டனுக்கு எழுதிக் கொடுத்த முறை. அதில் அவர்கள் லாவார் ஆரிங்டனை எடுத்தார்கள். 1999-இல் வந்த முறைகளை வைத்து மேலே நகர்ந்து சாம்ப் பெய்லியை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். எட்ஜரின் ஜேம்ஸ்? முதல் வருஷமே 1,553 கெஜம், லீக்கிலேயே முதலிடம். கோல்ட்ஸ் 13 வெற்றி. மறு வருஷம் 1,709 கெஜம், மறுபடி முதலிடம். பழைய பாத்திரக் கணக்கில் போன மார்ஷல் ஃபாக், செயின்ட் லூயிஸுக்கு அந்த வருஷமே சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். பெய்லி, ஜேம்ஸ், ஃபாக் மூவரும் இன்று தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ரிக்கி அங்கே இல்லை.

ஆக, டிட்கா முட்டாள், காசர்லி மேதை என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் சரித்திரம் அவ்வளவு நல்ல பிள்ளையில்லை.

மேதை காசர்லியை அணியின் புது உரிமையாளர் அதே கோடையில் வீட்டுக்கு அனுப்பினார். வாஷிங்டன் ஐந்து வருஷம் கழித்து, அந்த வியாபாரத்தின் பொக்கிஷமான சாம்ப் பெய்லியை ஒரு இரண்டாம் சுற்று முறையோடு சேர்த்து டென்வருக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது கிளின்டன் போர்ட்டிஸ் என்ற ரன்னிங் பேக். ஊசி வாங்க உலக்கையை விற்ற பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தவன், தன் பங்குக்கு அம்மியை விற்றான்.

ரிக்கியும் ஓடத் தெரியாதவர் இல்லை. 2002-இல் நியூ ஆர்லியன்ஸ் அவரை இரண்டு முதல் சுற்று முறைகளுக்கு மயாமிக்கு விற்றது. போன உடனே 1,853 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். நியூ ஆர்லியன்ஸில் முதல் வருஷத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே அவர் பேட்டி கொடுத்ததை ஊர் வேடிக்கை பார்த்தது. கூட்டத்தைக் கண்டால் வரும் பதற்ற நோய் அது என்று பின்னால்தான் தெரிந்தது. கல்யாணக் கவுன் மாட்டிப் படம் எடுக்க முந்தியவர்களில் ஒருத்தருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கஞ்சாப் பரிசோதனைச் சிக்கல்களுக்கு நடுவே, 2004 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில் அவர் ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போய் என்ன செய்தார் தெரியுமா? கலிஃபோர்னியாவில் கிராஸ் வேலி என்ற சிற்றூரில் ஆயுர்வேதம் படித்தார். நம்மூரில் எல்லோரும் பையனை எஞ்சினியராக்கிக் கலிஃபோர்னியா அனுப்பத் துடித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒருவர் கோடிகளை விட்டுவிட்டு வாத பித்த கபம் படித்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாத மயாமி அந்த வருஷம் 12 ஆட்டம் தோற்றது. பயிற்சியாளர் டேவ் வான்ஸ்டெட் பாதியிலேயே விலகினார். அவர் யார்? 1993-இல் சிகாகோவில் டிட்காவின் நாற்காலிக்கு வந்தவர். ரிக்கி வந்ததால் டிட்கா போனார். ரிக்கி போனதால் வான்ஸ்டெட் போனார். பிறகு ரிக்கி திரும்பி வந்து, 2009-இல் 32 வயதில் மீண்டும் ஆயிரம் கெஜத்தைத் தாண்டி, மொத்தம் பத்தாயிரம் கெஜத்தோடு நிம்மதியாக ஓய்வு பெற்றார். சரக்கு நல்ல சரக்குத்தான். விலைச்சீட்டில் ஒரு பூஜ்ஜியம் கூடிப்போயிருந்தது, அவ்வளவே.

காசர்லிக்கு இன்னொரு தேர்வு 2006-இல் வந்தது. இப்போது ஹூஸ்டன் அணியின் மேலாளர், கையில் முதல் முறை. ரெஜி புஷ் என்ற ரன்னிங் பேக்குக்காக நாடே வாய் பிளந்து நின்றது. காசர்லி தடுப்பாட்டக்காரர் மேரியோ வில்லியம்ஸை எடுத்தார். ஊர் காறித் துப்பியது. மனிதர் சில வாரத்தில் பதவியை விட்டார். ரன்னிங் பேக்கைக் கைகழுவிய இரண்டு தடவையும் அவருக்கு வேலை தங்கவில்லை. ரெஜி புஷ் யாரிடம் போனார்? இரண்டாவது முறை வைத்திருந்த நியூ ஆர்லியன்ஸிடம்.

அந்த நியூ ஆர்லியன்ஸ்தான் 2010 பிப்ரவரியில் கடைசியில் சூப்பர் பவுல் வென்றது. காகிதப் பைகளுக்கு விடுதலை. அந்த சீசனில் அணியிலேயே அதிக கெஜம் ஓடியவர் பியர் தாமஸ். எந்தச் சுற்று, எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். 2007 டிராஃப்டில் ஏழு சுற்றிலும் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. டிராஃப்ட் முடிந்த பிறகு சும்மா வந்து சேர்ந்தவர். சூப்பர் பவுலிலும் ஒரு டச் டவுன் எடுத்தார். ரிக்கிக்கு எட்டு முறை, பியர் தாமஸுக்குப் பூஜ்ஜியம்.

பாடம் படித்த அணி அடுத்த வருஷமே தேறியிருக்கும் என்று நினைப்பீர்கள். 2011 டிராஃப்டில் முதல் சுற்று முடியும் தறுவாயில், செயின்ட்ஸ் அலுவலகத்தில் மறுபடியும் பித்தம் தலைக்கேறியது. அந்த வருஷத்து இரண்டாம் சுற்று முறையையும் அடுத்த வருஷத்து முதல் சுற்று முறையையும் நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, ஒருவரை எடுத்தார்கள். பெயர் மார்க் இங்கிரம். பதவி ரன்னிங் பேக். அலமாரியில் ஹைஸ்மன் கோப்பை. அன்றிரவே ரெஜி புஷ் ட்விட்டரில் ஊருக்கு விடை சொல்லிவிட்டு, சில மாதத்தில் மயாமிக்குப் போனார். ரிக்கி காலி செய்துவிட்டுப்போன அதே இடத்துக்கு.

அந்த சீசனில் இங்கிரம் ஓடியது 474 கெஜம். பைசா செலவில்லாத பியர் தாமஸ் 562. கணக்கைக் காட்டியும் ரசிகர்கள் அசரவில்லை. அடுத்த வருஷம் முதல் சுற்றில் முறை இல்லாமல் போயிற்றே என்றுதான் அவர்களுக்கு வருத்தம். இருந்திருந்தால் ஒரு நல்ல ரன்னிங் பேக்கை எடுத்திருக்கலாமாம்.